தோல்விகளுக்கும் இலக்கமிட்ட குயவர்: ஜோசியா வெட்ஜ்வூட்

1759ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இங்கிலாந்தின் ஸ்டபோட்ஷயர் பகுதியில் 28 வயதான குயவர் ஒருவர் புதிய குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கினார். களிமண் கலவையை மாற்றிப் பார்ப்பது, பாண்டத்தின் மேல் கண்ணாடிபோலப் படியும் மெருகுப் பூச்சை மாற்றிப் பார்ப்பது, நிறம் தரும் பொருளின் அளவைக் கூட்டிக் குறைப்பது என்று அவர் செய்த முயற்சிகளுக்கு அதில் வரிசையாக இலக்கமிட்டார். சரிவந்ததற்கும் இலக்கம், பிழைத்துப்போனதற்கும் இலக்கம்.

இந்த வேலையில் ஏன் இறங்குகிறேன் என்பதையும் அவர் அதில் எழுதிவைத்தார். அப்பகுதிக் குயவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான வெள்ளைப் பாண்டத்தையே செய்துகொண்டிருந்தார்கள். போட்டியில் விலை இறங்கிக்கொண்டே போனது. விலை இறங்க இறங்கத் தரமும் இறங்கியது. வாங்குவோருக்கு அலுத்துவிட்டது. ஆகவே மண், மெருகு, நிறம், வடிவம் எல்லாவற்றிலும் புதிதாக ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அவரது முடிவு. இன்றைய நிறுவனமொன்றின் பணிப்பாளர் சபைக்குச் சமர்ப்பிக்கப்படும் ஆராய்ச்சித் திட்டத்தின் முதற்பக்கம்போல அது இருந்தது.

அவர் பெயர் ஜோசியா வெட்ஜ்வூட். நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்கள் புடைத்து நிற்கும் அலங்காரப் பாண்டங்கள் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகின்றன. பரிணாமக் கொள்கையை முன்வைத்த சார்ள்ஸ் டார்வினுக்கு அவர் தாய்வழிப் பாட்டனார். கைத்தொழில் புரட்சியின் வரலாற்றில் நீராவி இயந்திரங்களுக்கும் பஞ்சாலைகளுக்கும் கிடைக்கும் இடம் ஒரு குயவருக்குக் குறைவாகவே கிடைக்கிறது. ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் புத்தாக்கத்தை எப்படித் திட்டமிடுவது, அதற்கு யாரை வைப்பது, செலவை எப்படிக் கணக்கிடுவது, கிடைத்த அறிவை என்ன செய்வது என்ற கேள்விகளை அவரளவுக்கு ஒழுங்காகக் கேட்டவர்கள் அவர் காலத்தில் மிகச் சிலரே. அந்தக் கேள்விகளுக்கு அவர் கண்ட விடைகளுக்கு மற்றவர்களும் விலை கொடுத்தார்கள்.

மிதிக்க முடியாத சக்கரம்

1730இல் பேர்ஸ்லெம் என்ற ஊரில், தலைமுறைகளாகப் பாண்டம் செய்த குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக ஜோசியா பிறந்தார். ஒன்பது வயதில் தந்தை இறந்தார். பள்ளிப் படிப்பும் அத்துடன் நின்றது. தந்தையின் மரணசாசனத்தில் அவருக்கென்று எழுதப்பட்டிருந்தது 20 பவுண். சிறுவயதில் பெரியம்மை தாக்கி, பிழைத்து எழுந்தபோது வலது முழங்கால் பலவீனமாகியிருந்தது.

1744இல் மூத்த அண்ணன் தோமஸிடம் ஐந்து வருடப் பயிலுநராகச் சேர்ந்தார். குயவரின் சக்கரத்தைக் காலால் இயக்கவேண்டிய காலம் அது. நாள் முழுவதும் சக்கரத்தின் முன் இருக்க அவரது கால் இடம்கொடுக்கவில்லை. அதனால் வார்ப்பு, கலவை, மெருகு, சூளை என்று தொழிலின் மற்றப் பக்கங்களில் கவனம் போனது. பயிற்சி முடிந்தபின் அண்ணன் அவரைப் பங்காளியாக ஏற்கவில்லை. தம்பியின் பரிசோதனை ஆசையில் அண்ணனுக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

1754இல் தோமஸ் வீல்டன் என்ற குயவர் அவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். அப்பகுதியில் நல்ல பெயரெடுத்தவர் வீல்டன். புதியவற்றைச் செய்துபார்க்க இளம் பங்காளிக்கு அவர் இடம்கொடுத்தார். அந்தக் குறிப்பேடு தொடங்கியது இங்கேதான். அதில் ஏழாம் இலக்கப் பரிசோதனையாகப் பதிவானது தெளிவான பச்சை மெருகு. அதைக் கொண்டு பூக்கோவா, அன்னாசி வடிவங்களில் தேநீர்ச் சாடிகள் செய்யப்பட்டுச் சந்தையில் நன்றாகப் போயின.

1759இல் பேர்ஸ்லெமில் உறவினரிடமிருந்து சிறிய இடமொன்றை வாடகைக்கு எடுத்துச் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். சில வருடங்களில் பச்சைப் பாண்டத்தின் மோகம் தணிந்தது. தன்னை வளர்த்துவிட்ட பொருளென்று அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அப்போதே அடுத்த பொருளில் வேலை நடந்துகொண்டிருந்தது.

அரசியின் பெயர்

அந்த அடுத்த பொருள், பாலாடை நிறத்தில் மெல்லியதாக, சூடான தேநீரை ஊற்றினாலும் வெடிக்காத பாண்டம். அந்த வகையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஸ்டபோட்ஷயரில் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் நிறம் சீராக இருக்கவில்லை, மெருகு வெடித்தது, ஒரு தட்டைப்போல மறு தட்டு வரவில்லை. அவர் செய்தது அதைச் செம்மைப்படுத்தி, எத்தனை தடவை செய்தாலும் ஒரேமாதிரி வரச் செய்ததுதான்.

அன்றைய இங்கிலாந்தில் தேநீர் பரவலாகிக்கொண்டிருந்தது. அந்தத் தேயிலை சீனாவிலிருந்து வந்தது. இலங்கையின் மலைகளில் வணிகத் தேயிலை வேரூன்ற இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. சீனப் பீங்கான் வாங்க வசதியில்லாத, மண்கோப்பையில் குடிக்க விரும்பாத ஒரு நடுத்தர வர்க்கம் உருவாகிவந்தது. அவர்களுக்கான கோப்பையை யார் செய்வது என்பதுதான் போட்டி.

1765இல் சார்லட் அரசியிடமிருந்து தேநீர்த் தொகுதி ஒன்றுக்கான கட்டளை வந்தது. அதை நிறைவேற்றிக் கொடுத்த வெட்ஜ்வூட், அடுத்து அரசியின் குயவர் என்று தன்னை அழைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். பாலாடை நிறப் பாண்டத்துக்கு அரசிப் பாண்டம் என்று பெயர் மாறியது. பெயர் மாறியதும் விற்பனையும் மாறியது. அரண்மனையில் இருக்கும் அதே கோப்பையும் பீரிஸும் தங்கள் மேசையிலும் இருக்கவேண்டும் என்று வியாபாரிகளின் குடும்பங்களும் ஆசைப்பட்டன.

சந்தையின் நாடியைப் பிடித்துச் சொல்ல அவருக்கு ஒருவர் கிடைத்திருந்தார். 1762இல் லிவர்பூலுக்குப் போகும் வழியில் முழங்காலில் அடிபட்டு அங்கேயே படுக்க நேர்ந்தது. சிகிச்சை அளித்த மருத்துவர் நண்பரொருவரை அறிமுகப்படுத்தினார். தோமஸ் பென்ட்லி என்ற அந்த வணிகர் படித்தவர், பல மொழி தெரிந்தவர், ரசனையுள்ளவர். பின்னர் அலங்காரப் பாண்டங்களில் வெட்ஜ்வூட்டின் பங்காளியாகி, லண்டனில் இருந்து விற்பனையைப் பார்த்துக்கொண்டார். செல்வந்தர்கள் எதை ரசிக்கிறார்கள், எது தேங்கிக்கிடக்கிறது என்ற செய்திகள் லண்டனிலிருந்து ஸ்டபோட்ஷயருக்குக் கடிதங்களாக வந்தன. வெட்ஜ்வூட் பதிலுக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. சந்தை கேட்பதும் சூளை தருவதும் ஒவ்வொரு வாரமும் இப்படிச் சந்தித்துக்கொண்டன.

வீட்டுக்குள்ளும் உதவி இருந்தது. 1764இல் அவர் மணந்த சாரா, தூரத்து உறவு. வசதியான குடும்பத்துப் பெண். கணவர் பரிசோதனைகளைச் சங்கேத இலக்கங்களில் எழுதும் முறையைக் கற்றுக்கொண்டு அவருடன் சேர்ந்து வேலை செய்தார்.

கால்வாயும் எட்ரூரியாவும்

அக்காலத்தில் ஸ்டபோட்ஷயரின் வீதிகள் சேறும் பள்ளமுமாக இருந்தன. பாண்டங்கள் பொதி சுமக்கும் குதிரைகளில் போயின. வழியில் உடைந்தவை பல. தொழிற்சாலைக்குள் எவ்வளவு முன்னேற்றம் செய்தாலும் வாசலுக்கு வெளியே அது நொறுங்கிவிடும் என்பதை உணர்ந்த வெட்ஜ்வூட், ட்ரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்காகப் பிரசாரம் செய்தார், நிதி திரட்டினார், கால்வாய்க் கம்பனியின் பொருளாளராகப் பொறுப்பேற்றார். 1766இல் நாடாளுமன்றம் அனுமதித்தது. முதல் மண்வெட்டு வெட்டியவரும் அவர்தான். ஜேம்ஸ் பிரின்ட்லியின் திட்டத்தில் தொடங்கிய 93 மைல் கால்வாய் 1777இல் முழுமையடைந்தது.

அது எந்த வழியாகப் போகும் என்பது தெரிந்திருந்ததால், அதன் ஓரமாக நிலம் வாங்கிப் புதிய தொழிற்சாலை கட்டத் தொடங்கினார். எட்ரூரியா என்று பெயர். இத்தாலியில் கண்டெடுக்கப்பட்ட பழைய சாடிகளைப் பண்டைய எட்ரஸ்கன் மக்களின் படைப்பு என்று அக்காலத்தவர் நம்பினர். பெயர் அதனால் வந்தது. அவற்றுட் பல உண்மையில் கிரேக்கச் சாடிகள்.

கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, 1768 மே மாதம், பல வருடங்களாக வதைத்த வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க முடிவெடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். வீட்டில் நாற்காலியில் இருந்தபடியே சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். அதன்பின் மரக்காலோடுதான் நடந்தார். குறையுள்ள பாண்டத்தைக் கண்டால் அந்த மரக்காலாலேயே உடைத்துவிடுவார் என்று பின்னர் கதைகள் உலாவின.

1769 ஜூன் 13ஆம் திகதி எட்ரூரியா திறக்கப்பட்டது. பென்ட்லி சக்கரத்தைச் சுற்ற, வெட்ஜ்வூட் தன் கையால் ஆறு சாடிகளை வனைந்தார். ஒரே மனிதர் மண்ணைப் பிசைந்து, வனைந்து, மெருகிட்டு, சுட்டு எடுக்கும் பழைய முறைக்கு அங்கே இடமிருக்கவில்லை. வனைபவர் வனைந்தார், கைபிடி ஒட்டுபவர் கைபிடி மட்டும் ஒட்டினார். 1790இல் அங்கு வேலைசெய்த 278 ஆண்கள், பெண்கள், சிறுவர்களில் குறித்த பணியென்று ஒன்றில்லாதவர்கள் ஐந்து பேர் மட்டுமே.

தொழிலையும் அவர் இரண்டாகப் பிரித்து நடத்தினார். அன்றாடம் உணவு மேசைக்கு வரும் தட்டுகளும் கோப்பைகளும் ஒரு பிரிவு. அவரது உறவினர் தோமஸ் வெட்ஜ்வூட் அதில் பங்காளி. சாடிகளும் அலங்காரப் பொருட்களும் மறு பிரிவு. பென்ட்லி அதில் பங்காளி. தட்டும் கோப்பையும் நிலையான வருமானத்தைத் தந்தன. துணிச்சலான பரிசோதனைகள் பெரும்பாலும் அலங்காரப் பிரிவில் நடந்தன. அங்கே கிடைத்த பெயர் மறு பிரிவின் தட்டுகளையும் விற்றுக்கொடுத்தது. அன்றாட உற்பத்தியையும் புதுமுயற்சியையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று விழுங்காமல் வைத்திருப்பது எப்படி என்பது இன்றைய முகாமைத்துவ வகுப்புகளில் பேசப்படும் பிரச்சினை. அவர் தன் பங்குடைமையை அமைத்த விதத்திலேயே அதற்கு ஒரு விடை இருந்தது.

கணக்குப் புத்தகத்தில் கண்டது

1772இல் பிரித்தானியாவில் கடன் நெருக்கடி வந்தது. வங்கிகள் வீழ்ந்தன, விற்பனை சுருங்கியது, களஞ்சியத்தில் சாடிகள் தேங்கின. அதுவரை செலவைப் பற்றி அவருக்கு ஒரு மதிப்பீடுதான் இருந்தது. இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் மண் எவ்வளவு, கூலி எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, உடைந்துபோவது எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்கிட்டார். நினைத்ததும் கணக்கும் பொருந்தவில்லை. லண்டன் அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஒருவர் பணத்தைக் கையாடியதும் அந்த ஆராய்வில் வெளிப்பட்டது.

அதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. அச்சுகள் செய்வது, வாடகை, எழுதுவினைஞர்களின் சம்பளம் போன்றவை பத்துச் சாடி செய்தாலும் நூறு சாடி செய்தாலும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் ஒரே வடிவத்தை அதிக எண்ணிக்கையில் செய்தால் ஒரு சாடிக்கான செலவு இறங்கும். பிரபுக்கள் வாங்கி முடித்துவிட்ட சாடிகளின் விலையைக் குறைத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்கலாம் என்ற யோசனை இந்தக் கணக்கோடு கைகோத்தது. நிலையான செலவு, மாறும் செலவு என்று இன்று கணக்கியல் மாணவர்கள் படிப்பதை அவர் தன் களஞ்சியத்தின் நெருக்கடியில் கற்றுக்கொண்டார்.

அதே காலத்தில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரின் 50 பேர் உண்ணக்கூடிய மாபெரும் உணவுத் தொகுதி ஒன்றுக்குக் கட்டளையிட்டார். 950 அளவிலான பாண்டங்களில் பிரித்தானியாவின் 1,222 காட்சிகள் கையால் வரையப்பட்டன. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. பெண்களும் அடங்கிய ஓவியர் குழுவொன்று இந்த வேலையைச் செய்தது. 1774இல் தொகுதி முடிந்தது. இலாபம் சொற்பம். ஆனால் ரஷ்யாவுக்கு அனுப்பமுன் லண்டன் காட்சியறையில் அதை வைத்து, நுழைவுச்சீட்டுக் கொடுத்து மக்களைப் பார்க்க விட்டார். அரசியும் வந்து பார்த்தார்.

ஜாஸ்பர்

அவரை மிகவும் அலைக்கழித்த பரிசோதனை ஜாஸ்பர். மெருகுப் பூச்சே தேவைப்படாத, மண் முழுவதும் நிறம் ஊறிய, கல்போன்ற நுண்மையான பாண்டம் ஒன்றை அவர் தேடினார். 1770களின் முற்பாதியில் ஆயிரக்கணக்கான சிறு மண்துண்டுகளைச் சுட்டுப் பார்த்தார். ஒவ்வொரு துண்டிலும் இலக்கம் பதிக்கப்பட்டது. சூளையில் எந்த இடத்தில் வைத்துச் சுட்டது என்ற குறிப்பும் பலவற்றில் இடப்பட்டது. இலக்கத்தைக் குறிப்பேட்டில் தேடினால் கலவை தெரியும்.

சில துண்டுகள் உருகின. சில வெடித்தன. சிலவற்றில் நீல நிறம் வெள்ளை உருவத்துக்குள் கசிந்தது. ஒரு தடவை சரிவந்த கலவை அடுத்த தடவை பிழைத்தது. டார்பிஷயர் ஈயச் சுரங்கங்களிலிருந்து எடுத்த பேரியம் கலந்த கனிமம் அந்தக் கலவையின் உயிர்நாடி. ஆனால் அது எல்லா நேரமும் ஒரே தன்மையில் வரவில்லை. இலக்கமும் குறிப்பும் இல்லாதிருந்தால் பிழை கலவையிலா, சூளையிலா, கனிமத்திலா என்று பிரித்தறிய வழியே இருந்திராது. 1770களின் நடுப்பகுதியில் ஜாஸ்பர் விற்பனைக்கு வந்தது. ஜோன் பிளக்ஸ்மன் போன்ற சிற்பிகள் அதற்கு உருவங்கள் வடித்தார்கள்.

சூளையின் வெப்பத்தை அளக்கும் வழி அப்போது இல்லை. அனுபவசாலிகள் நெருப்பின் நிறத்தைப் பார்த்து மதிப்பிட்டார்கள். அந்த மனிதர் நோயில் விழுந்தால் அறிவும் அவரோடு விழுந்தது. வெப்பம் கூடக்கூடக் களிமண் சுருங்கும் என்பதை வைத்து, சுட்ட சிறு மண்துண்டை ஒடுங்கிச்செல்லும் பித்தளைத் தவாளிப்பில் நகர்த்தி, அது எங்கே நிற்கிறது என்று பார்க்கும் கருவியை அவர் உருவாக்கினார். 1782இல் அரச கழகத்தில் அதை விவரித்தார். அடுத்த வருடம் அதன் உறுப்பினரானார். அவர் வகுத்த வெப்ப அளவுத்திட்டம் தவறென்று பின்னர் தெரியவந்தது. ஆயினும் தொழிற்சாலைக்குள் ஒரு சூட்டை இன்னொரு சூட்டோடு ஒப்பிட அது உதவியது.

அலெக்சாண்டர் சிசோம் என்பவரை 1781இல் செயலாளராகவும் இரசாயன உதவியாளராகவும் சம்பளத்துக்கு அமர்த்தினார். வில்லியம் லூயிஸ் என்ற வேதியியலாளரிடம் நீண்டகாலம் வேலைசெய்தவர் சிசோம். பாண்டம் செய்யும் தொழிற்சாலையொன்றில் முழுநேர அறிவியல் உதவியாளர் என்பது அன்று புதிய காரியம். ஜேம்ஸ் வாட், மத்தியூ போல்டன், இராஸ்மஸ் டார்வின், ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோர் அடங்கிய பர்மிங்ஹாம் அறிஞர் வட்டத்தோடும் நெருக்கமாக இருந்தார். பிரீஸ்ட்லியின் ஆய்வுகளுக்குப் பணமும் பரிசோதனைப் பாத்திரங்களும் கொடுத்தார். வாட்டின் நீராவி இயந்திரம் 1780களில் எட்ரூரியாவுக்கு வந்தது.

அறிவு யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வியில் வெட்ஜ்வூட் ஒரே நிலைப்பாட்டில் இருக்கவில்லை. வாழ்நாளில் அவர் பெற்றது ஒரேயொரு காப்புரிமை. அதுவும் சாடிகளில் தீட்டும் ஒருவகை வண்ணமுறைக்கு. அதனால் போட்டியாளரோடு தகராறுதான் மிஞ்சியது. அரசிப் பாண்டத்துக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. மற்றவர்களும் அதைச் செய்தார்கள், பிராந்தியம் முழுவதும் வளர்ந்தது. கோர்ன்வோல் களிமண்ணைப் பயன்படுத்தும் தனியுரிமையை நீடிக்குமாறு றிச்சர்ட் சம்பியன் என்ற பிறிஸ்டல் பீங்கான் உற்பத்தியாளர் நாடாளுமன்றத்திடம் கேட்டபோது, ஸ்டபோட்ஷயர் குயவர்கள் சார்பில் வெட்ஜ்வூட் எதிர்த்தார். 1775இல் அந்த மண் ஏனைய பாண்டங்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய, குயவர்கள் கூட்டாகப் பணம் போட்டு ஒரு பரிசோதனை நிலையம் அமைக்கலாம் என்றும் அவர் முன்மொழிந்தார். போட்டியாளர்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வுகூடம் என்ற அந்த யோசனை பங்காளிகளின் இணக்கமின்மையால் தொடக்கத்திலேயே குலைந்தது. அதே மனிதர்தான் ஜாஸ்பரின் கலவையைச் சங்கேத இலக்கங்களுக்குள் பூட்டி வைத்தார்; வெளிநாட்டு உற்பத்தியாளரிடம் வேலைக்குப் போகவேண்டாமென்று தொழிலாளர்களை எச்சரித்து 1783இல் ஒரு பிரசுரமும் வெளியிட்டார். மூலப்பொருள் பொதுவாக இருக்கவேண்டும், தன் கலவை தன்னிடமே இருக்கவேண்டும் என்பதாக இருந்தது அவரது கோடு.

மணி ஒலித்தபோது

எட்ரூரியாவுக்கு முன்பே, பேர்ஸ்லெமில், வேலை நேரத்தை அறிவிக்க மணி வைத்தவர் வெட்ஜ்வூட். அதற்குமுன் குயவர் தன் நேரத்துக்குத் தானே எசமானாக இருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வராமலிருப்பது வழக்கம். ஊர்த்திருவிழா என்றால் நாட்கணக்கில் சூளை குளிர்ந்திருக்கும். எட்ரூரியாவில் வருகை பதியப்பட்டது. பிந்தி வந்தால் வெட்டு. எழுதிவைத்த விதிகள், தண்டப்பணம். தன் ஆட்களைப் பிழைவிடாத இயந்திரங்களாக ஆக்கவேண்டும் என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். சாதாரண ஆட்களைக் கலைஞர்களாக்கவேண்டும் என்றும் எழுதினார். இரண்டையும் அவர் உண்மையாகவே நம்பினார்.

பயிற்சி கொடுத்தார். தொழிலாளருக்கு வீடுகள் கட்டினார். சுகயீனமுற்றால் உதவ நிதியமொன்று அவரது தொழிற்சாலையில் இருந்தது. ஆனால் மெருகுப் பூச்சில் ஈயம் இருந்தது. கலவையில் சேர்க்கும் தீக்கல்லின் தூசு நுரையீரலில் படிந்தது. பாண்டங்களை மெருகில் தோய்த்தெடுப்பவர்களின் உடலை ஈயம் தின்றது. அந்தத் தொழிலின் இந்த நோய்கள் அவர் காலத்துக்குப் பின்னரும் நெடுங்காலம் தீரவில்லை.

1783இல் உணவு விலை ஏறியிருந்தது. எட்ரூரியாவில், அவர் பாடுபட்டு வெட்டுவித்த அதே கால்வாயில், மாவும் பாலாடைக்கட்டியும் ஏற்றிவந்த படகொன்றை மக்கள் மறித்துப் பொருட்களைத் தாங்களே குறைந்த விலைக்கு விற்றார்கள். படையினர் வந்தனர். ஸ்டீபன் பார்லோ என்பவர் தூக்கிலிடப்பட்டார். வெட்ஜ்வூட் இளைஞர்களை நோக்கிப் பிரசுரமொன்று எழுதினார்: உங்கள் பெற்றோர் காலத்து வறுமையை நினைத்துப் பாருங்கள், இன்றைய வீடுகளையும் வீதிகளையும் பாருங்கள், இந்த வளர்ச்சியைக் குழப்பாதீர்கள் என்பது அதன் சாரம். அவர் சொன்ன வளர்ச்சி உண்மை. அன்று பசியோடு கால்வாயோரம் நின்றவர்களின் நிலைமையும் உண்மை.

சங்கிலியில் கட்டுண்ட மனிதன்

1787இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் இயக்கத்தில் இணைந்தார். கையும் காலும் சங்கிலியிட்ட ஆபிரிக்கர் ஒருவர் மண்டியிட்டு, தானும் மனிதனல்லவா என்று கேட்கும் உருவத்தை அவரது சிற்பி வில்லியம் ஹக்வூட் ஜாஸ்பரில் வடித்தார். அதைப் பதக்கமாகப் பெருந்தொகையில் செய்து இலவசமாகக் கொடுத்தார் வெட்ஜ்வூட். பிலடெல்பியாவில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் ஒரு தொகை போனது. பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். ஆயிரக்கணக்கான தோல்விகளில் கற்றுக்கொண்ட தொழில்நுட்பம், ஒரு தரத்தில் பல பிரதி எடுக்கும் தொழிற்சாலை, நாகரிகத்தை உருவாக்கத் தெரிந்த விற்பனை அறிவு மூன்றும் ஓர் அரசியல் கோரிக்கைக்காக ஒன்றுசேர்ந்தன.

ஆபிரிக்கரை மண்டியிட்டு இரப்பவராக மட்டுமே காட்டியது என்ற விமர்சனம் அந்தப் பதக்கத்தின் மீது இன்று உண்டு. அவரது பாண்டங்கள் கப்பலேறிய லிவர்பூல், அடிமை வணிகத்தின் பெருந்துறைமுகம். அவர் விற்ற சீனிக் கிண்ணங்களை நிரப்பிய சீனி, அடிமைகளின் உழைப்பில் வந்தது. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காலத்தின் வணிகம். அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட 1807இல் அவர் உயிரோடு இல்லை.

அவருக்குப் பிறகு

பென்ட்லி 1780இலேயே இறந்துவிட்டார். பண்டைய ரோமின் கண்ணாடிச் சாடியான போர்ட்லண்ட் சாடியை ஜாஸ்பரில் அப்படியே பிரதிசெய்யும் முயற்சி வெட்ஜ்வூட்டின் கடைசிப் பெரும் பரிசோதனை. ஏறத்தாழ நான்கு வருட உழைப்பின் பின் 1790இல் அது மக்கள் பார்வைக்கு வந்தது. 1795 ஜனவரி 3ஆம் திகதி எட்ரூரியாவில் அவர் காலமானார். 20 பவுண் முதுசத்தோடு தொடங்கியவர் விட்டுச்சென்ற சொத்து சுமார் 5 லட்சம் பவுண் என்று மதிப்பிடப்படுகிறது.

அவர் இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய நிறுவனத்தில் ஒன்று மட்டும் ஒழுங்காகவில்லை. அடுத்து யார் என்பதுதான் அது. பிள்ளைகளுக்குச் சூளையில் நாட்டம் குறைவு. மருமகன் முறையான தோமஸ் பையர்லி நிறுவனத்தை இழுத்துப் பிடித்தார். கடைசி மகன் தோமஸ் தந்தையின் பரிசோதனைக் குணத்தை எடுத்துக்கொண்டு பிறந்தவர். வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில் ஒளியால் உருவம் பதிக்கும் அவரது முயற்சியை ஹம்ப்ரி டேவி 1802இல் வெளியிட்டார். புகைப்படக் கலையின் முன்னோடி முயற்சி அது. ஆனால் தந்தையின் தொழிற்சாலைக்கு வெளியேதான் அது நடந்தது. குறிப்பேடுகள் இருந்தன, அவற்றைத் திறந்து அடுத்த இலக்கத்தை எழுதுவோர் குறைந்தனர்.

நிறுவனம் பல ஏற்ற இறக்கங்களைக் கண்டு, தொடங்கி 250 வருடங்களான 2009 ஜனவரியில் வங்குரோத்து நிர்வாகத்தின் கீழ் போனது. ஓய்வூதிய நிதியில் 134 மில்லியன் பவுண் பற்றாக்குறை. கம்பனியின் அருங்காட்சியகம் தனி அறக்கட்டளையாக இருந்தது. ஆனால் அதன் ஒருசில ஊழியர்கள் அதே ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தபடியால், முழுக் கடனும் சட்டப்படி அருங்காட்சியகத்தின் தலையில் விழுந்தது. பாண்டங்களையும் ஆவணங்களையும் விற்கலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல் அமைப்புகளும் பொதுமக்களும் சேர்த்துக் கொடுத்த 15.75 மில்லியன் பவுணால்தான் அந்தச் சேகரிப்பு சிதறாமல் காப்பாற்றப்பட்டது.

அந்தச் சேகரிப்பில் போர்ட்லண்ட் சாடியின் பிரதி இருக்கிறது. தட்டுத் தட்டாக அடுக்கிய ஜாஸ்பர் பரிசோதனைத் துண்டுகளும் இருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை விற்பனைக்கு ஒருபோதும் போகாத, பிழைத்துப்போன துண்டுகள். புத்தாக்கத்துக்கென்று பிரிவுகளும் குழுக்களும் அமைக்கும் இன்றைய நிறுவனங்கள் வென்ற திட்டங்களின் ஆண்டறிக்கையை அச்சிடுகின்றன. தோற்ற திட்டத்தில் எது பிழைத்தது, யார் செய்து பார்த்தது, எவ்வளவு செலவானது என்ற குறிப்பு, அதைச் செய்த அதிகாரி ஓய்வுபெறும்போது அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்து வருபவர் அதே பிழையை முதலிலிருந்து தொடங்குகிறார். கால் முடமான ஒரு குயவர் 1759இல் குறிப்பேட்டைத் திறந்தது அதைத் தவிர்க்கத்தான்.